காய் குறைந்தால் ஆட்டம் எளிதாகுமா?

பலகையில் காய்கள் குறையக் குறைய சதுரங்கம் எளிதாகிவிடும் என்பது நம் ஊர்களில் வேரோடிப்போன நம்பிக்கை. ராணி வெட்டுப்பட்டு, யானையும் குதிரையும் போய், இரண்டு ராஜாக்களும் இரண்டு மூன்று சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால், "இனி என்ன இருக்கிறது, டிராதான்" என்று கைகொடுத்து எழுந்துவிடுகிறார்கள். இல்லையென்றால், ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவர் ஜெயித்துவிட்டதாகவே எண்ணிக் காய்களைக் கலைத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பதற்கு உலக சாம்பியன் போட்டியிலிருந்தே சான்று இருக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், பதினான்காவது ஆட்டத்தில், சென்னையின் குகேஷ் சீனாவின் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தைத் தீர்மானித்தது ஒரு ராஜா-சிப்பாய் முடிவாட்டம். ஆனால் அதைப் பற்றி இன்றும் பேசப்படுவது, "டிங் தூக்கிக் கொடுத்தார், குகேஷ் வாங்கிக்கொண்டார்" என்பதுதான். இந்தப் பேச்சும் முதலில் சொன்ன அதே நம்பிக்கையிலிருந்து முளைத்தது. சிப்பாய் ஆட்டம் எளிது என்று நினைப்பவருக்கு, அதற்குள் நுழைந்த பிறகு நடந்தது எதுவும் கணக்கில் வருவதில்லை.

அன்று காலை இருவரும் 6.5–6.5 என்று சமநிலையில் இருந்தார்கள். டிராவானால் மறுநாள் துரித ஆட்டங்கள்; அதில் டிங்கின் கை ஓங்கும் என்பது பலரது கணிப்பு. வெள்ளைக் காய்களோடு ஆடிய டிங், 29-ஆவது நகர்த்தலில் தானாகவே ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து, ராணிகளை மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு யானையும் ஒரு மந்திரியும் மிஞ்சுகிற நிலைக்கு இறங்கினார். கருப்புக்கு மூன்று சிப்பாய்கள், வெள்ளைக்கு இரண்டு, எல்லாம் ஒரே பக்கத்தில். சரியாக ஆடினால் இது டிரா என்பதில் கருத்து வேறுபாடில்லை. அதற்குப் பிறகும் இருபதுக்கும் மேற்பட்ட நகர்த்தல்கள் குகேஷ் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். 54-ஆவது நகர்த்தலில் அவருடைய ராஜா ஈ5-க்கு, பலகையின் நடுவுக்கே வந்து நின்றது. 55-ஆவதில் டிங் தன் யானையை எஃப்2-க்கு இறக்கினார். யானைகளை மாற்றிக்கொள்ள அழைக்கும், பார்வைக்குச் சாதாரணமான நகர்த்தல்.

அங்கேதான் பிசகியது. டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் இருந்தது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு குறுக்குப் பாதைதான். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை டி5-க்குக் கொண்டுவந்து அந்தப் பாதையின் நடுவில் வைத்தார். வெள்ளை மந்திரி பி7-க்குப் போனாலும் சி6-க்குப் போனாலும் வெட்டுப்படும், நின்றாலும் வெட்டுப்படும். மந்திரிகளை மாற்றிக்கொள்வதைத் தவிர வழியே இல்லை. மாற்றிக்கொண்டதும் மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். இனித் திருத்த இடமில்லை என்பதன் பொருளை விருத்தாசலத்தில் செராமிக் வேலை செய்பவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். பச்சை மண்ணாக இருக்கும்வரை பொம்மையின் விளிம்பைத் திருத்தலாம், பிடிக்கவில்லை என்றால் கரைத்து மறுபடி அச்சில் ஊற்றலாம். சூளைக்குள் போய் வெந்துவிட்டால் அது வெந்ததுதான். யானையும் மந்திரியும் இருக்கும்வரை ஒரு தப்பை இன்னொரு நகர்த்தலால் சரிக்கட்ட இடமுண்டு. சிப்பாய் பின்னால் வராது. வெட்டுப்பட்ட காயும் திரும்பாது. ஆகவே சிப்பாய் ஆட்டத்துக்குள் கால் வைக்கும் முன்பே அதன் கடைசி வரை கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

கடைசி நிலை இதுதான். வெள்ளை ராஜா ஈ3-இல், ஒரே சிப்பாய் ஜி3-இல். கருப்பு ராஜா ஈ5-இல், சிப்பாய்கள் எஃப்5, ஜி4-இல். மொத்தம் ஐந்தே காய்கள். இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கின்றன. நகர வேண்டிய முறை வெள்ளைக்கு. பயிற்சியாளர்கள் ஆப்போசிஷன் என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: எதிரெதிரே நிற்கும்போது யார் நகர வேண்டியிருக்கிறதோ அவர் வழி விட்டாக வேண்டும். வெள்ளைச் சிப்பாய் அடைபட்டுக் கிடப்பதால் அதை நகர்த்தி முறையைத் தள்ளிவிடவும் முடியாது. இப்போது காய்களைத் தொடாமல் முறையை மட்டும் கருப்புக்கு மாற்றிப் பாருங்கள். வெற்றி மறைந்துவிடும். கருப்பு ராஜா டி5 போனால் வெள்ளை டி3-க்கு வந்து மறிக்கும், ஈ5-க்குத் திரும்பினால் ஈ3-க்குத் திரும்பும். எஃப் சிப்பாயைத் தள்ளினால் வெள்ளை வெட்டிக்கொள்ளும். பிறகு கருப்புக்கு மிஞ்சும் ஒற்றை ஜி சிப்பாயை வெள்ளை ராஜா ஜி2-வில் நின்றே தடுத்துவிடும். ஒரு சிப்பாய் கூடுதல், ராஜா பலகையின் நடுவில், ஆனாலும் டிரா. ஒரு சிப்பாய் அதிகமிருந்தால் ஜெயம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

"இருக்கட்டும், டிங் எஃப்2 ஆடாமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதே, அப்படியானால் அதிர்ஷ்டம்தானே" என்று கேட்கலாம். முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக்கே அந்த முடிவைக் கடுமையாகக் குறைகூறினார். எஃப்2 பெரிய பிழைதான். அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிழை டிங்குக்குத் தோல்வியைத் தானாகவே கொண்டுவந்துவிடவில்லை. குகேஷே பிறகு சொன்னார்: தன் யானையை பி3-க்கு நகர்த்தத்தான் அவர் முதலில் போனார், அதற்குப் பிறகே மந்திரி சிக்குவதும், அதைத் தொடரும் சிப்பாய் ஆட்டம் வெற்றி என்பதும் கண்ணில் பட்டன. அதாவது பிழை பலகையில் வந்து விழுந்தும், அதன் மதிப்பைச் சிப்பாய் முடிவாட்டம் அறிந்த கண்தான் கண்டெடுத்தது. அந்த அறிவு இல்லாதவர் யானையை விலக்கிக்கொண்டிருப்பார், நாமும் மறுநாள் துரித ஆட்டம் பார்த்திருப்போம். தவிர, எளிதில் டிராவாகும் நிலையில் எதிராளியை மணிக்கணக்கில் உட்காரவைத்து யோசிக்க வைப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்; அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. ஏழு காய்கள் வரையிலான எல்லா நிலைகளையும் கணினி முழுதாகக் கணக்கிட்டு வைத்துவிட்டது. இதைப் போய்ப் படிப்பானேன் என்பார்கள். கணினி விடையைச் சொல்லும், மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காரணம்தான் வேண்டும். 1921-இல் ரிச்சர்ட் ரேட்டி அமைத்த புதிரில் நான்கே காய்கள்: வெள்ளை ராஜா ஹெச்8, சிப்பாய் சி6, கருப்பு ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5. கருப்புச் சிப்பாயை எட்டிப் பிடிக்க வெள்ளை ராஜாவால் முடியாது என்று யாரும் சொல்வார்கள். ஆனால் குறுக்காக ஜி7, எஃப்6 என்று இறங்கினால், சிப்பாயைத் துரத்துவதும் தன் சிப்பாய்க்குத் துணைபோவதும் ஒரே நடையில் நடந்து ஆட்டம் டிராவாகிறது. சதுரங்கத்தில் குறுக்கே போவது தூரத்தைக் கூட்டாது என்பதைப் புரிந்துகொண்டவருக்கு இது ஒரு புதிருக்கான விடையோடு நின்றுவிடாது, நூறு ஆட்டங்களில் கைகொடுக்கும்.

கடைசியாக, "சிப்பாய் ஆட்டம் அவ்வளவு சிக்கல் என்றால் டிங் ஏன் 58-ஆவது நகர்த்தலோடு தோல்வியை ஒப்புக்கொண்டார்?" என்று கேட்கலாம். இருவருக்கும் முழுக் கணக்கும் தெரியும் என்பதால்தான். அவர்களுடைய கடைசி நிலையில் வெள்ளைக்கு நான்கே நகர்த்தல்கள் உண்டு, நான்கும் தோல்வி. ஆனால் நான்குக்கும் கருப்பின் பதில் ஒன்றல்ல. வெள்ளை ராஜா டி3-க்கோ டி2-க்கோ போனால் எஃப்4 என்று சிப்பாயைத் தள்ளி, வெட்டு முடிந்ததும் ராஜாவை ஜி3-இல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஈ2-க்குப் போனால் அதே எஃப்4 டிராவாகிவிடும். ராஜாவை ஈ4-க்கு முன்னேற்ற வேண்டும். எஃப்2-க்குப் போனால் கை தானாகவே ஈ4-க்குத்தான் போகும், அது பிழை: வெள்ளை ஈ2-க்கு வந்து எதிரே நின்றுகொள்ளும், முறை கருப்புக்கு வந்துவிடும், வெற்றி போய்விடும். அங்கே டி4-க்குப் போக வேண்டும். அடுத்து வெள்ளை ஈ2 வந்தால் அப்போது ஈ4. எதிரே நிற்பது அதே இரண்டு ராஜாக்கள், நகர வேண்டியது வெள்ளை.