கட்டிப் போட்ட நாய்க்கும் தண்ணி வேண்டும்

எமது தோட்டத்து லயங்களில் நாய் இல்லாத ஸ்தோப்பைக் காண்பது அரிது. இராத்திரியில் காட்டுப்பன்றி வந்தாலும் அந்நிய ஆள் வந்தாலும் முதலில் சத்தம் போடுவது அதுதான். நாமும் நம் சாப்பாட்டில் மிச்சம் வைத்து அதற்குப் போடுகிறோம். ஆனால் தண்ணி வைக்கிறோமா? லயம் லயமாகப் போய்ப் பார்த்தபோது, பல நாய்களுக்கு முன்னால் சோற்றுத் தட்டுத்தான் இருந்தது. தண்ணிச் சட்டி காய்ந்தோ கவிழ்ந்தோ கிடந்தது.

கேட்டால், "குளிர் ஊருதானே ஐயா, அதுக்கு எங்க தாகம் வரப் போகுது?" என்கிறார்கள். குளிர் ஊரிலும் மூச்சோடும் மூத்திரத்தோடும் நாயின் உடம்பிலிருந்து நீர் போய்க் கொண்டுதான் இருக்கிறது. நாயின் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி லீற்றர் வரை நீர் தேவை. 10 கிலோ நாய்க்கு அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூட என்று வைத்துக் கொள்ளுங்கள். சாப்பாட்டில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். காய்ந்த ரொட்டியும் கருவாட்டுத் தலையும் போடும் நாளில் சட்டியில் கூடுதலாகவே ஊற்ற வேண்டும். குட்டிக்குப் பால் கொடுக்கும் நாய்க்கு இன்னும் அதிகம் வேண்டும். மிஞ்சிய தேத்தண்ணி இதற்கு ஈடாகாது, அதை ஊற்றவே வேண்டாம்.

தண்ணி குறைந்தால் மூத்திரம் கெட்டியாகி, கடும் மஞ்சளாகப் போகும். அதில் உள்ள உப்புகள் மணல் போலத் திரண்டு, சில நாய்களுக்குக் கல்லாகவும் ஆகும். காலையில் பெரட்டுக்குப் போகும்போது கட்டிய நாயை வேலை விட்டு வந்துதான் அவிழ்க்கிறோம். படுக்கிற இடத்தில் போக மனமில்லாமல் அது அடக்கிக் கொண்டே இருக்கும். மூத்திரம் பையில் நெடுநேரம் தங்கினால் கிருமி பெருகவும் இடமாகிறது. கிருமித் தொல்லை பெட்டை நாய்க்கு அதிகம். கடுவனுக்கு மூத்திரக் குழாய் நீளம், ஒடுக்கம். ஆகவே சின்னக் கல்லும் அதில் சிக்கி அடைத்து விடும்.

ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. இரண்டு நாளாக நாய் முக்கிக் கொண்டு நின்றது. மலச்சிக்கல் என்று நினைத்து வெளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். நாம் போய்ப் பார்க்கும்போது வயிறு கல்லுப் போல இருந்தது, வாந்தியும் எடுத்தது. முச்சக்கர வண்டி பிடித்து டவுனில் உள்ள அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். அவர் குழாய் விட்டு மூத்திரத்தை எடுத்தார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் செத்திருக்கும் என்றார். "பகல்ல தண்ணி வைப்பீங்களா?" என்று அவர் கேட்டதற்கு வீட்டுக்கார அண்ணன் வாய் திறக்கவில்லை. கல் வருவதற்குக் கிருமி, சாப்பாடு என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் குற்றம் முழுவதையும் அவர் தலையில் போட நாம் விரும்பவில்லை.

நாய் அடிக்கடி காலைத் தூக்கியும் சொட்டுச் சொட்டாகப் போனால், இரத்தம் கலந்து வந்தால், அந்த இடத்தையே நக்கிக் கொண்டிருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம். அடைப்பு வந்த பிறகு தண்ணி ஊற்றிக் குணமாக்க முடியாது. பனடோல் போன்ற நம்முடைய மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள், அவை நாய்க்கு நஞ்சாகலாம். நாய் வழக்கத்துக்கு மாறாகக் குடித்துக் குடித்து மூத்திரம் போனாலும் நோயாக இருக்கலாம். அதற்காகத் தண்ணியை நிறுத்தி விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். எச்சில் ஒழுக, தண்ணியை விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாய்க்குள் மட்டும் கை விட வேண்டாம். அது விசர்நோயாக இருக்கலாம்.

சட்டி விடயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். புல்லுக்கு அடிக்கும் மருந்துக் கேனை வெட்டி நாய்க்குத் தண்ணி வைப்பதைக் கண்டோம். எத்தனை தரம் கழுவினாலும் அது ஆகாது. பழைய மண்சட்டியோ கனமான அலுமினியச் சட்டியோ போதும். சங்கிலி சுற்றிக் கவிழாமல் இரண்டு கல்லுக்கு நடுவில், வெயில் படாத பக்கமாக வையுங்கள். காலையில் பீலித் தண்ணி பிடிக்கும்போதே பழையதை ஊற்றிக் கழுவி நிரப்பி விடலாம். எலி மூத்திரம் பட்ட தண்ணியால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். பகலில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருமுறை அவிழ்த்து, மூத்திரம் போக விட்டுக் கட்டச் சொல்லுங்கள். சட்டியில் தண்ணி இருக்கிறதா என்பதையும் அப்போதே அவர்கள் பார்த்துக் கொள்ளட்டும்.