பழைய மோட்டார்ஹோமில் நீர்க்கசிவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சமையலறை, படுக்கை, குளியலறை ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டு தன் இயந்திரத்தாலேயே ஓடும் வீடான மோட்டார்ஹோம், 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் பெருமளவில் உற்பத்தியாகிப் பரவியது. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் 1966ஆம் ஆண்டில் இவ்வகை வண்டிகளைக் கட்டத் தொடங்கியது. டாட்ஜ் அடிச்சட்டத்தின்மேல் கண்ணாடியிழைக் கூடு பொருத்தப்பட்ட டிராவ்கோ அதே பத்தாண்டில் சாலைக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரையிலான மாடல்களாக ஜிஎம்சி மோட்டார்ஹோமை வெளியிட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டோ அதற்கு மேலோ ஆன இவ்வண்டிகளைப் பேணுவோர் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் பழுதான இயந்திரத்தைக் கழற்றி மாற்றிவிட முடியும். சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் நீரால் இற்றுப்போனாலோ வண்டியையே பிரித்துக் கட்ட நேரிடும். அந்த நீர் எப்படி நுழைகிறது, அதை எப்படித் தடுப்பது என்பவை குறித்து உரிமையாளர்களிடையே வழங்கிவரும் சில நம்பிக்கைகளையும் அவற்றுக்கு மாறான உண்மைகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நம்பிக்கை 1: நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும்.

உண்மை: நீர் உள்ளே நுழையும் இடமும் கண்ணுக்குத் தெரியும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. கூரையில் ஒரு திருகாணித் துளை வழியாக இறங்கும் நீர், கூரைத் தகட்டுக்கும் உட்கூரைப் பலகைக்கும் இடையிலுள்ள விட்டத்தைப் பற்றிக்கொண்டோ மின்கம்பியின் மேலாகவோ நெடுந்தொலைவு ஓடி, எங்கே தடைபடுகிறதோ அங்கேதான் சொட்டுகிறது. வண்டி எப்பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அதற்கேற்ப அந்த இடமும் மாறுவதால், சமதளத்தில் ஒழுகாத வண்டி சரிவில் நிறுத்தியதும் ஒழுகத் தொடங்குவதும் உண்டு. மேலும், மிகக் குறுகிய இடைவெளிகளில் நீர் தன் பரப்பு இழுவிசையால் மேல்நோக்கியும் ஏறக்கூடும். நுண்புழை ஏற்றம் எனப்படும் இவ்விளைவால், ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு தகடுகளின் இடுக்கில் கீழிருந்தும் நீர் உட்புகுகிறது. ஆகவே கறை தெரியும் இடத்திலிருந்து தொடங்கி, மேலும் முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு துளையையும் ஐயத்துக்குரியதாகக் கருதுவதே முறை. அத்தகைய துளைகள் குறைவல்ல: கூரைக் காற்றோட்டத் திறப்புகள், குளிர்சாதனப் பெட்டியின் புகைபோக்கி, கழிவுநீர்க் குழாயின் காற்றுவழி, ஆன்டெனா, ஏணியின் கால்கள், நெற்றியிலும் பின்புறத்திலும் வரிசையாகப் பொருத்தப்பட்ட அடையாள விளக்குகள் ஆகிய ஒவ்வொன்றும் தகட்டைத் துளைத்தே நிற்கின்றன. விளக்கு சிறியது என்பதற்காக அதன் பின்னுள்ள கம்பித்துளையைப் பலர் சோதிப்பதேயில்லை. ஆனால் கூரையின் விளிம்புக்கு அருகே இருப்பதால் வழியும் மழைநீர் முழுவதும் அதன்மேல்தான் செல்கிறது.

நம்பிக்கை 2: உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சினால் கசிவு உடனே தெரிந்துவிடும்.

உண்மை: வலுவான நீர்த்தாரை மழையில் ஒருபோதும் ஒழுகாத இணைப்புகளுக்குள்ளும் நீரைத் திணித்துவிடுவதோடு, பழைய சீலன்ட்டையும், அதாவது இணைப்புகளை அடைக்கும் பசையையும், பெயர்த்துவிடுகிறது. முறையான நீர்ச்சோதனை பொறுமையைக் கோருவது. முதலில் வெளி மின் இணைப்பைத் துண்டித்து, இயன்ற அளவு உட்பலகைகளைக் கழற்றிவிட்டு, ஒருவர் உள்ளே விளக்குடன் அமர, மற்றொருவர் மழைபோல் மெதுவாக நீரை விழவிட வேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் நனைத்து, உள்ளே நீர் தோன்றுவதற்குப் போதிய நேரம் காத்திருந்த பின்னரே அடுத்த உயரத்துக்குச் செல்வது அவசியம். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் கீழே உள்ள எல்லா இணைப்புகளையும் ஒருசேர நனைத்துவிடுவதால், எது ஒழுகியது என்று பிரித்தறிய இயலாமற்போகும்.

இதனினும் துல்லியமானது காற்றழுத்தச் சோதனையாகும். கூரைத் திறப்பு ஒன்றில் ஊதுவிசிறியைப் பொருத்தி, மற்றத் திறப்புகளை அடைத்து, உள்ளே வெளிக்காற்றைவிடச் சற்றே மிகுந்த அழுத்தத்தை உண்டாக்கி, வெளிப்புற இணைப்புகளில் சோப்புநீரைத் தடவினால், காற்று வெளியேறும் இடங்களில் குமிழிகள் எழும். காற்று வெளியேறும் வழி பெரும்பாலும் நீர் நுழையும் வழியே என்பதுதான் இச்சோதனையின் அடிப்படை. இதைத் தொடங்குமுன் எரிவாயுவை மூடி, எரிந்துகொண்டிருக்கும் சிறுசுடர்களை அணைத்துவிடுவது கட்டாயமாகும். வடிகால் துளை போன்று திட்டமிட்டே விடப்பட்ட இடங்களிலும் குமிழி எழும் என்பதை நினைவில் வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நம்பிக்கை 3: அலுமினியமும் கண்ணாடியிழையும் மரமல்ல; ஆகவே அவற்றாலான வண்டிக்கு நீரால் கேடில்லை.

உண்மை: தகடு நீரை உள்ளே விடுவதில்லை, தகடுகள் சந்திக்கும் இடமே விடுகிறது. அலுமினியம் வெப்பத்தால் மிகுதியாக விரிவடையும் உலோகம். ஏழு மீட்டர் நீள அலுமினியத் தகடு, குளிர்ந்த இரவுக்கும் கொளுத்தும் வெயிலில் சூடேறிய நிலைக்கும் இடையே 40 டிகிரி செல்சியஸ் வேறுபட்டால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள மரச்சட்டமோ நார்வாக்கில் ஒரு மில்லிமீட்டர் அளவே நீளும். இவ்விரண்டையும் பிணைத்திருக்கும் திருகாணிகளும் அவற்றைச் சூழ்ந்த பசையும் இவ்வேறுபாட்டை நாள்தோறும் தாங்க வேண்டியிருக்கிறது. இதனுடன் சாலை அதிர்வும் சேரும்போது, பல ஆண்டுகளில் திருகாணி தளர்ந்து அதன் துளை அகன்றுவிடுகிறது. மேலும், எஃகுத் திருகாணியும் அலுமினியத் தகடும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், இரு வேறு உலோகங்களுக்கிடையே நிகழும் மின்வேதி அரிப்பால் அலுமினியம் வெண்பொடியாக உதிர்கிறது.

தொடக்ககால வின்னபேகோ வண்டிகளின் சுவர், வெளியே அலுமினியத் தகடு, நடுவே நுரைப்பலகை, உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகை என ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட அடுக்குகளால் ஆனது. இவ்வடுக்குகளிடையே நீர் புகுந்தால் ஒட்டு விட்டுப்போய்ச் சுவர் அலையலையாக உப்பிவிடுகிறது. ஜிஎம்சி வண்டியின் கூட்டைத் தாங்கும் சட்டம் அலுமினியத்தாலானது என்பது உண்மையே. எனினும் அதன் தரை மரப்பலகைதான். எனவே உலோகக் கூடு என்ற நம்பிக்கையில் தரையின் ஓரங்களைச் சோதிக்காமல் விடுவது தவறு.

நம்பிக்கை 4: கசியும் இடத்தின்மேல் சிலிக்கோனைப் பூசினால் போதும்.

உண்மை: பழைய மோட்டார்ஹோம்களுக்கு நேர்ந்த தீங்குகளில் இது தலையாயது. சிலிக்கோன் பசை கண்ணாடியில் நன்கு ஒட்டினாலும், வண்டித் தகட்டில் காலப்போக்கில் அதன் விளிம்பு பெயர்ந்து, அவ்விடுக்கில் நீரைத் தேக்கிவைக்கிறது. அதை நீக்கிய பின்னும் எஞ்சும் மெல்லிய எண்ணெய்த்தன்மையுள்ள படலத்தின்மீது வேறு எந்தப் பசையும், புதிய சிலிக்கோனுங்கூட, உறுதியாகப் பற்றுவதில்லை. உலரும்போது புளித்த நெடி வீசும் வகையோ அசெட்டிக் அமிலத்தை வெளியிடுவதால் உலோகத்தை அரிக்கவும் செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிப்புறத்தில் பூசிய பசை நீர் நுழையும் ஒரு வழியை மட்டுமே மறைக்கிறது; அடியில் இறுகிச் செயலிழந்துபோன பழைய அடைப்புப்பொருள் அப்படியே இருக்கிறது.

நிலைத்த தீர்வு, பொருத்தப்பட்ட பாகத்தைக் கழற்றிப் புதிய அடைப்புடன் மீண்டும் பொருத்துவதே. ஜன்னல், விளக்கு, திறப்பு ஆகிய எதுவாயினும் திருகாணிகளை நீக்கி வெளியே எடுத்து, பழைய பசை முழுவதையும் பிளாஸ்டிக் சுரண்டியால் அகற்றி, கரைப்பானால் துடைத்து, விளிம்பின் பின்புறம் பியூட்டைல் நாடாவை இடைவெளியின்றி ஒட்டிப் பொருத்த வேண்டும். பியூட்டைல் என்பது செயற்கை ரப்பர் வகையைச் சேர்ந்தது. முற்றாக இறுகாமல் பல ஆண்டுகள் நெகிழ்வாகவே இருப்பதால், தகடும் சட்டமும் வெவ்வேறு அளவில் அசைந்தாலும் பிடியை விடுவதில்லை. திருகாணிகளைச் சிறிது சிறிதாக, எதிரெதிராக முடுக்கி, ஓரத்தில் பிதுங்கும் நாடாவை மறுநாள் வெட்டி நீக்கிய பின், மேல் விளிம்பில் கூரைக்கென்றே உரிய சீலன்ட்டைப் பூசலாம். கிடையான கூரைப்பரப்பில் தானாகப் பரவிச் சமனாகும் வகையும், செங்குத்துப் பரப்பில் வழியாத வகையும் பயன்படுத்தப்பட வேண்டும்.

கூரைக் குளிர்சாதனக் கருவிக்கு இந்த நாடாவோ பசையோ பொருந்தாது. ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் சதுரத் திறப்பின்மேல் அமரும் அக்கருவிக்கும் கூரைக்கும் இடையே தடித்த நுரை வளையம் ஒன்று இருக்கிறது. உள்ளிருந்து முடுக்கப்படும் நீண்ட மரையாணிகள் அதனைப் பாதித் தடிமனுக்கு அமுக்கும்போதுதான் அது நீரைத் தடுக்கிறது. நுரை உயிர்ப்பிழந்து தட்டையாகிவிட்டால் வளையத்தை மாற்றுவதே வழி. ஓரத்தில் பசை பூசினால் கருவியின் அடியில் சேரும் நீர் வெளியேற இடமின்றி உட்புறமே இறங்கும்.

நம்பிக்கை 5: ஜன்னல் சட்டத்தின் அடியிலுள்ள துளைகள் நீர் நுழையும் ஓட்டைகள், அவற்றை அடைத்துவிட வேண்டும்.

உண்மை: அவை நீர் வெளியேறுவதற்காகவே அமைக்கப்பட்ட வடிகால் துளைகள். நகரும் கண்ணாடியைத் தாங்கும் தடத்தில் மழைநீர் தேங்குவது இயல்பு. அத்துளைகள் வழியாக அது வெளியே வடிகிறது. அவற்றைப் பசையால் அடைத்தாலோ தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டாலோ, தடம் நிரம்பி நீர் உட்சுவரில் வழிகிறது. ஜன்னலடியில் காணப்படும் கறைக்காகச் சட்டத்தைக் கழற்றுவதற்குமுன், மெல்லிய கம்பியால் இத்துளைகளைத் துப்புரவாக்கிப் பார்ப்பதே முதற்பணி.

நம்பிக்கை 6: உள்ளே ஈரம் இருந்தால் அது மழைநீர்தான்.

உண்மை: வண்டிக்குள்ளேயே நீருக்கு வேறு இரண்டு ஊற்றுகள் உள்ளன. ஒன்று குழாய்கள். நீர்ப்பம்பை இயக்கி எல்லாக் குழாய்களையும் மூடிய பின், பம்பு அவ்வப்போது தானாக ஓடி நின்றால் அழுத்தம் எங்கோ குறைகிறது என்பது பொருள். 1970களின் இறுதி முதல் 1990களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பயன்பட்ட சாம்பல்நிறப் பாலிபியூட்டிலீன் குழாய்கள், குடிநீரிலுள்ள குளோரினால் நலிந்து பிளவுபடக்கூடியவை. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால், குளிர்காலத்துக்கு முன் வடிக்கப்படாத எந்தக் குழாயும் வெடிக்கக்கூடும்.

மற்றொன்று நீராவி குளிர்ந்து படிதல். ஒரு கிலோ புரோபேன் வாயு எரியும்போது சுமார் 1.6 கிலோ நீர் ஆவியாக உருவாகிறது. சமையலடுப்பை எரியவிட்டு வண்டியைச் சூடேற்றுவோர் இந்நீர் முழுவதையும் சுவர்களின்மேல் படியவிடுகிறார்கள். மழை பெய்யாத குளிரிரவுக்குப் பின் அலமாரிகளின் பின்புறமும் மெத்தையின் அடிப்புறமும் நனைந்திருந்தால், அங்கே தேவைப்படுவது காற்றோட்டமே.

நம்பிக்கை 7: கசிவு அடைபட்டதும் வேலை முடிந்தது, மரம் தானே உலர்ந்துவிடும்.

உண்மை: மரத்தை இற்றுப்போகச் செய்வது நீரன்று, நீரால் வளரும் பூஞ்சையே. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை அது வளர்வதில்லை. ஈரம் ஏறக்குறைய 30 விழுக்காட்டை எட்டும்போது தழைக்கிறது. இருபுறமும் தகட்டாலும் பலகையாலும் மூடிய சுவருக்குள் சிக்கிய ஈரம் மாதக்கணக்கில் வெளியேறாது. எனவே ஈரப்பதமானியால் அளந்து, உட்பலகையைத் திறந்து, விசிறியாலும் ஈரமுறிஞ்சும் கருவியாலும் உலர்த்திய பின்னரே மூட வேண்டும். முள்ளில்லாத ஈரப்பதமானிகள் அருகிலுள்ள உலோகத்தையும் ஈரமாகக் காட்டக்கூடும் என்பதால், அலுமினியச் சுவர்களில் முள்வகைக் கருவியே நம்பத்தக்கது. விரலால் அழுத்தினால் அமுங்கும் மரத்தில் எப்பாக்ஸிப் பிசினை ஊற்றிக் கெட்டியாக்குவது மேற்பரப்பை மட்டுமே இறுக்கும். பாரந்தாங்கும் வலிமையை மீட்டுத் தராது. அத்தகைய பகுதியை நல்ல மரம் தென்படும் இடம்வரை வெட்டியெடுத்துப் புதிய சட்டத்தை இணைக்க வேண்டும்.

மேற்கண்ட நம்பிக்கைகள் பலவற்றுக்கும் பொதுவான பிழை ஒன்றே: நீர் வந்த வழியைக் கண்டறியாமல் நீர் தெரிந்த இடத்தை மறைக்க முயல்வது. பழைய மோட்டார்ஹோம் வைத்திருப்போரும் வாங்க எண்ணுவோரும், குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இருமுறை கூரையின் ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பார்த்து, வெடித்த பசையை உடனே நீக்கிப் புதுப்பித்து, தரையின் மூலைகளையும் அலமாரிகளின் உட்புறத்தையும் ஈரப்பதமானியால் அளந்து குறித்துவைக்க வேண்டும். ஒரு சுருள் பியூட்டைல் நாடாவும் ஒரு நாள் உழைப்பும் காக்கக்கூடிய சட்டத்தை, ஓரிரு பருவம் தாமதித்த பிறகு எத்தனை செலவிட்டாலும் முழுமையாக மீட்க இயலாது.