கப்பல் நிற்கும் எட்டு மணி நேரத்தில் பார்படாஸ்: வாடகைக் காரில் சுற்ற ஒரு வழிகாட்டி

கரீபியன் தீவுகளின் வரிசையிலிருந்து சற்றே விலகி, அட்லாண்டிக் பக்கமாகத் தனித்து நிற்கும் தீவு பார்படாஸ். நீளம் சுமார் 34 கிலோமீட்டர், அகலம் சுமார் 23 கிலோமீட்டர். கிரிக்கெட் வீரர் கேரி சோபர்ஸ் பிறந்த மண். 2024 ஜூன் 29 அன்று இந்திய அணி டி20 உலகக் கோப்பையை வென்ற கென்சிங்டன் ஓவல் மைதானம் தலைநகர் பிரிட்ஜ்டவுனில், கப்பல் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கப்பல்கள் இங்கே கடலில் நங்கூரமிட்டுப் பயணிகளைப் படகில் இறக்குவதில்லை. நேராகத் துறைமுகத் தளத்தில் வந்து நிற்கின்றன. தீவு சிறியது, இறங்குவதும் எளிது என்பதால், ஒரு பகல் மட்டுமே கையில் இருக்கும் கப்பல் பயணிக்கு வாடகைக் கார் பயன்படக்கூடிய தீவுகளில் பார்படாஸ் முன்வரிசையில் வருகிறது.

இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. பழைய பிரிட்டிஷ் ஆட்சியின் மிச்சமாக இங்கே சாலையின் இடப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். ஜமைக்கா, செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, கிரெனடா ஆகியவற்றிலும் இடப்பக்கமே. மார்டினிக், குவாடலூப், அருபா, குராசாவ், போர்ட்டோ ரிக்கோ போன்ற தீவுகளில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அமெரிக்க விர்ஜின் தீவுகளில் வேடிக்கை: சாலையில் இடப்பக்கம், ஆனால் ஸ்டீயரிங்கும் இடப்பக்கம். முதல்முறையாகக் கரீபியனில் கார் எடுப்பவர் வலப்பக்கம் ஓட்டும் தீவுகளிலோ விர்ஜின் தீவுகளிலோ பரிசோதனை செய்வதைவிடப் பார்படாஸில் தொடங்குவது நல்லது.

முதலில்: கார் தேவைதானா?

கடற்கரையில் குளித்துவிட்டு மதியம் சாப்பிட்டுத் திரும்புவதுதான் திட்டம் என்றால் கார் வீண் செலவு. துறைமுகத்திலிருந்து மேற்குக் கரையின் கடற்கரைகளுக்கு டாக்சி கிடைக்கிறது. பிரிட்ஜ்டவுன் வரை நடந்து போனால், அங்கிருந்து அரசின் நீலப் பேருந்து, மஞ்சள் மினிபஸ், ‘இசட்ஆர்’ என்று அழைக்கப்படும் வெள்ளை வேன் எதுவும் கிடைக்கும். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். கப்பல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக நிற்கிறது என்றாலும் காரை மறந்துவிடலாம். காரை வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ கப்பல் நிற்கும், வடக்கு முனையையும் கிழக்குக் கரையையும் பார்க்க வேண்டும், ஓட்டத் தெரிந்தவர் குறைந்தது இருவராவது உடன் வருகிறார்கள் என்றால் கார் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒருவர் ஓட்ட, மற்றவர் வழி பார்க்க வேண்டிய சாலைகள் இவை.

புறப்படுவதற்கு முன்

காரை வீட்டிலிருந்தே பதிவு செய்துவிட வேண்டும். கப்பல்கள் கூடும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில், துறைமுகத்தில் இறங்கியபின் கார் தேடினால் மிஞ்சுவது பெரும்பாலும் விலை உயர்ந்த வண்டிகள்தான். பதிவு செய்யும்போது நிறுவனத்திடம் கப்பலின் பெயரையும் வந்துசேரும் நேரத்தையும் சொல்லி, காரைத் துறைமுகத்துக்கே கொண்டுவந்து தருவார்களா, திரும்பவும் அங்கேயே பெற்றுக்கொள்வார்களா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். விமான நிலையம் தீவின் தென்கிழக்கில் இருக்கிறது. அங்கே மட்டும் கார் தரும் நிறுவனம் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கப்பல் பயணிக்கு உதவாது.

உரிமம் விஷயத்தில் குழப்பம் வேண்டாம். சொந்த நாட்டின் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால், பார்படாஸ் அரசின் தற்காலிக ஓட்டுநர் அனுமதியை வாடகை நிறுவனமே எழுதித் தரும். இரண்டு மாத அனுமதிக்குக் கட்டணம் 10 பார்படாஸ் டாலர், அதாவது 5 அமெரிக்க டாலர். இரண்டு பேர் ஓட்டப் போகிறார்கள் என்றால் இரண்டு பேருக்கும் எடுக்க வேண்டும்; ஒப்பந்தத்திலும் இருவர் பெயரும் ஏற வேண்டும். உரிமத்தின் அட்டைதான் வேண்டும். கைப்பேசியில் இருக்கும் நகலை நம்பிப் போகக் கூடாது. ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தால் கேள்விகள் குறையும். குறைந்தபட்ச வயதும் உரிமம் எத்தனை ஆண்டு பழையது என்ற நிபந்தனையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவது அவசியம்.

டெபாசிட்டுக்காகக் கிரெடிட் கார்டில் ஒரு தொகையைத் தடுத்து வைப்பார்கள். அந்தக் கார்டு ஓட்டுபவரின் பெயரில் இருக்க வேண்டும். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 முதல் வாடிக்கையாளரே கேட்டு அதைத் திறக்க வேண்டும். நடுக்கடலில் ஓடிபி வராமல் தவிப்பதைவிட ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்துவிடலாம். குழந்தைகள் வந்தால் குழந்தை இருக்கையையும் அப்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். தீவின் வரைபடத்தைக் கைப்பேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்வது கட்டாயம். கப்பலின் வைஃபை துறைமுகத்தைத் தாண்டி வராது.

ராணுவ உடை போன்ற பச்சைத் திட்டு அச்சிட்ட சட்டை, தொப்பி, கால்சட்டை எதையும் அணிந்து இறங்கக் கூடாது. பார்படாஸில் அது சட்டப்படி குற்றம். குழந்தைகளின் உடைக்கும் இது பொருந்தும்.

இரண்டு கடிகாரங்கள்

பார்படாஸ் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது: கிரீன்விச் நேரத்துக்கு நான்கு மணி பின்னே. ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பும் கப்பல் குளிர்காலத்தில் தன் கடிகாரத்தை மாற்றாமலே வந்தால், கப்பலில் மணி எட்டாக இருக்கும்போது தீவில் ஒன்பது. பெரும்பாலான கப்பல்கள் வழியிலேயே மாற்றிவிடும், மாற்றாதவையும் உண்டு. கைப்பேசி கரை இறங்கியதும் தீவின் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். அதனால் முதல் நாள் இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளைப் பார்த்துக் கப்பல் நேரம் எது என்று தெளிவுபடுத்திக்கொண்டு, கையில் கட்டும் கடிகாரத்தை அதற்கு வைக்க வேண்டும். கார் பதிவோ தீவின் நேரத்தில்தான். கப்பல் நேரத்தை மனதில் வைத்து ஒன்பதுக்குப் போகிறவர், தீவில் பத்தாகிவிட்டதால் கார் வேறொருவரிடம் போனதைக் காண நேரலாம்.

அதே தாளில் ‘அனைவரும் ஏற வேண்டிய நேரம்’ ஒன்று இருக்கும். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாக அது அமையும். நாளின் கணக்கு முழுவதையும் அதிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஏற வேண்டிய நேரம் மாலை 4:30 என்றால், காரைத் திருப்பிக் கொடுப்பது 3:15. கிழக்குக் கரையிலிருந்து கிளம்புவது 2 மணி. மூன்றுக்குப் பிறகு பள்ளி விட்டுவிடும், பிறகு அலுவலகம். பிரிட்ஜ்டவுனைச் சுற்றிய சாலைகள் ஊர்ந்து நகரும்.

காரை வாங்கும்போது

வண்டியைச் சுற்றி ஒருமுறை வீடியோ எடுக்க வேண்டும். பம்பரின் கீழ் ஓரம், நான்கு சக்கரங்களின் விளிம்பு, முன் கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி, கூரை, கடைசியாக டேஷ்போர்டில் பெட்ரோல் முள். பார்படாஸின் சாலைகள் பல இடங்களில் பவளப்பாறைச் சுவர்களுக்கு நடுவே குறுகிப் போகின்றன; முன்பு எடுத்தவர்கள் இடப்பக்கச் சக்கரங்களையும் கண்ணாடியையும் உரசியிருப்பது சாதாரணம். அந்தக் கீறல் ஒவ்வொன்றும் ஒப்பந்தத் தாளில் குறிக்கப்பட வேண்டும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, ஜாக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விபத்து நடந்தால் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகும்? அந்தத் தொகையைக் குறைக்கக் கூடுதல் காப்பீடு தருவார்கள். டயரும் கண்ணாடியும் வண்டியின் அடிப்பாகமும் பல ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்குள் வராது. குடித்துவிட்டு ஓட்டினால் எந்தக் காப்பீடும் நிற்காது. தெருவுக்குத் தெரு ரம் கடை இருக்கும் தீவில் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை.

மேல் மூடி இல்லாத ‘மோக்’ என்ற சிறு வண்டி படத்துக்கு அழகாக இருக்கும். திடீர் மழைக்கும், பைகளைப் பூட்டி வைக்கவும் அது ஆகாது. சாதாரணச் சிறிய ஆட்டோமேட்டிக் கார் போதும்.

சாலையில்

வாடகைக் கார்களின் நம்பர் பிளேட் ‘எச்’ எழுத்தில் தொடங்கும். ஓட்டுபவர் வெளியூர்க்காரர் என்று ஊருக்கே அது சொல்லிவிடுவதால், பின்னால் வருபவர்கள் பொதுவாகப் பொறுமை காட்டுவார்கள். வேகம் பெரும்பாலான சாலைகளில் மணிக்கு 60 கிலோமீட்டர். ஏபிசி நெடுஞ்சாலையின் சில பகுதிகளில் மட்டும் 80.

ஏபிசி நெடுஞ்சாலையில் சிக்னலைவிட ரவுண்டானாக்கள் அதிகம். விதி எளிது: ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு, அதாவது வலப்பக்கமிருந்து வருவதற்கு, வழிவிட்டுத்தான் நுழைய வேண்டும். நம் ஊரில் மூக்கை முதலில் நுழைத்தவருக்கே வழி. இங்கே அப்படிச் செய்தால் விபத்துதான். ஹார்னுக்கும் பொருள் வேறு. ‘பீப்’ என்று சின்னதாக அடித்தால் அது வணக்கம் அல்லது நன்றி. எதிரே வருபவர் விளக்கை ஒருமுறை மின்னினால், பெரும்பாலும் ‘நீங்கள் போங்கள்’ என்று வழிவிடுகிறார்.

பெயர்ப்பலகைகள் குறைவு. வழி தவறினால் பேருந்து நிறுத்தத்தின் பலகையைப் பார்த்தால் போதும்: ‘நகருக்கு’, ‘நகரிலிருந்து வெளியே’ என்று இரண்டில் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ‘நகருக்கு’ என்ற பலகைகளைத் தொடர்ந்து போனால் பிரிட்ஜ்டவுன் வந்துவிடும். கரும்பு வளர்ந்து நிற்கும் மாதங்களில் உட்புறச் சாலைகளின் வளைவுகளில் எதிரே வருவது தெரியாது. மழை பெய்த முதல் சில நிமிடங்களில் சாலை வழுக்கும்.

ஒரு சுற்று

தொலைவில் இருப்பதை முதலில் பார்த்துவிட்டு, நாள் ஏற ஏறத் துறைமுகத்தை நெருங்கி வருவதே சரியான வரிசை. துறைமுகத்திலிருந்து வாரன்ஸ் வழியாக 2ஏ நெடுஞ்சாலையில் வடக்கே போகலாம். கடலோரமாகப் போகும் 1-ஆம் எண் சாலை அழகானது. ஆனால் ஹோல்டவுனில் நெரிசல், கடல் பல இடங்களில் விடுதிச் சுவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். காலையில் 2ஏ-தான் வேகம்.

வட முனையில் அனிமல் ஃப்ளவர் குகை. பாறையைக் கடல் குடைந்த குகை அது. உள்ளே இறங்கினால் பாறை வாய் வழியே அட்லாண்டிக் அலை மோதுவது தெரியும். கடல் கொந்தளித்தால் மூடிவிடுவார்கள், எனவே கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. அங்கிருந்து தென்கிழக்கே செயின்ட் நிக்கோலஸ் ஆபி: 17-ஆம் நூற்றாண்டின் தோட்ட மாளிகை, இன்றும் ரம் காய்ச்சுகிறது. பெயரில் ஆபி இருந்தாலும் மடமாக ஒருநாளும் இருந்ததில்லை. அடிமைகளின் உழைப்பில் எழுந்த கரும்புப் பொருளாதாரத்தின் சான்று என்ற எண்ணத்தோடு பார்க்க வேண்டிய இடம். பக்கத்திலேயே செர்ரி ட்ரீ ஹில். செர்ரி மரம் இல்லை, இருபுறமும் மஹாகனி. மேட்டில் நிறுத்தினால் ஸ்காட்லாந்து மாவட்டம் என்று அழைக்கப்படும் மடிப்பு மடிப்பான நிலமும் கிழக்குக் கரை முழுவதும் கீழே விரியும். தீவில் ஒரே ஒரு காட்சிக்குத்தான் நேரம் என்றால் இதுதான்.

இறக்கத்தில் மோர்கன் லூயிஸ் காற்றாலை; காற்றின் விசையில் கரும்பு பிழிந்த பழைய ஆலை. பிறகு கிழக்குக் கரைச் சாலை தொடங்குகிறது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் குன்று, நடுவே வீடுகளே இல்லாத நீண்ட பாதை. முடிவில் பாத்ஷீபா கிராமம். அடியில் அலை அரித்து, காளான் போல நிற்கும் பெரும் பாறைகள் இங்கே. அலைச்சறுக்குப் போட்டிகள் நடக்கும் கடல் என்பதால் நீந்தக் கூடாது, இழுப்பு பலமானது. பாறைகளுக்கு நடுவே தேங்கும் குட்டைகளில் உட்காரலாம். மதியச் சாப்பாடு இங்கேயே. பறக்கும் மீனும் ‘கூக்கூ’ என்ற சோளமாவுக் களியும் தீவின் தேசிய உணவு. வெண்டைக்காய் சேர்த்துக் கிண்டிய களி என்பதால் தமிழ் நாக்குக்கு அந்நியமாகத் தோன்றாது.

இரண்டு மணிக்கு 3-ஆம் எண் சாலை வழியே திரும்பினால் முக்கால் மணி நேரத்தில் பிரிட்ஜ்டவுன். ஹாரிசன்ஸ் குகையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால், வட முனையைக் கைவிட வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடக்காது.

மேற்குக் கரையில் வண்டியை நிறுத்திக் கடலில் இறங்குகிறவர்கள் மரங்களைக் கவனிக்க வேண்டும். மான்ச்சினீல் மரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். சிறு பச்சை ஆப்பிள் போன்ற அதன் பழம் கடும் நஞ்சு. மழையில் அந்த மரத்தடியில் ஒதுங்கினாலே தோல் கொப்பளிக்கும்.

திருப்பிக் கொடுத்தலும் தாமதமும்

வாங்கியபோது இருந்த அளவுக்குப் பெட்ரோல் நிரப்பித் தர வேண்டும். அமெரிக்க டாலரை எல்லாரும் வாங்குவார்கள், மீதி பார்படாஸ் டாலரில் வரும். ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படாஸ் டாலர் என்ற கணக்கு 1975 முதல் மாறவில்லை. சாவியைக் கொடுக்கும் முன் மறுபடி ஒரு வீடியோ எடுத்து, எந்தச் சேதமும் இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

வழியில் விபத்து நேர்ந்தால் காவல்துறைக்கு 211, ஆம்புலன்ஸுக்கு 511. உடனே வாடகை நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும், காப்பீட்டுக்குக் காவல்துறை அறிக்கை கேட்பார்கள். நேரத்துக்குத் திரும்ப முடியாது என்று தோன்றிய அந்த நிமிடமே, நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் எண்ணுக்கு அழைக்க வேண்டும். அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருப்பது இதற்காகத்தான். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகக் கார் எடுத்தவர்களுக்காக அது நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் விமானத்தில்தான் போய்ச் சேர வேண்டும், அந்தத் தீவுக்கு விசா தேவையா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். எனவே கடவுச்சீட்டைக் கப்பல் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வராமல், கையோடு எடுத்துக்கொண்டே காரில் ஏறுங்கள்.