இணையவழிப் பாடநெறிகளும் வகுப்பறையும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுண்டு. உயர்தரப் பாடங்களை இணையவழியிலேயே படித்தால் போதாதா? கட்டணம் குறைவு, பஸ்ஸில் அலைய வேண்டியதில்லை, இரவு வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிச்சென்று காத்திருக்க வேண்டியதுமில்லை. பெற்றோர் கூறும் இக்காரணங்களில் எதுவும் பொய்யன்று. ஆனால் இவையெல்லாம் வசதியைப் பற்றியவை. பிள்ளை எவ்வளவு கற்கிறாள் என்பது வேறு விடயம்.

அமெரிக்காவில் இதனைச் சோதித்துப் பார்த்த கதை ஒன்று உண்டு. 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செபஸ்டியன் துரூன், பீட்டர் நோர்விக் ஆகிய இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடநெறியொன்றை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டனர். ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிந்தனர். முடித்தவர்களோ ஏறத்தாழ இருபதாயிரம் பேர். அந்த உற்சாகத்தில் துரூன் யுடாசிட்டி நிறுவனத்தை ஆரம்பித்தார். 2013இல் கலிபோர்னியாவின் சான் ஹொசே அரச பல்கலைக்கழகம் அந்நிறுவனத்துடன் சேர்ந்து மூன்று கணிதப் பாடங்களை 150 டொலருக்கு இணையவழியில் நடத்தியது. அடிப்படைக் கணிதத்தில் மூன்றிலொரு பங்கினர்கூடச் சித்தியடையவில்லை. புள்ளிவிபரவியலில் பாதிப்பேர் அளவில் தேறினர். அந்த யூலையில் திட்டம் இடைநிறுத்தப்பட்டது.

இத்தோடு கதையை முடித்தால் வகுப்பறைக்கே வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் அதே ஆண்டு கோடைகாலத் தவணையில் சித்தி வீதம் மிகவும் உயர்ந்தது. காரணத்தைத் தேடினால், அத்தவணையில் படித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்! முதல் தவணையிலோ கணிதத்தில் முன்னர் தவறியவர்களும், வீட்டில் கணினி இல்லாத பாடசாலை மாணவர்களும் இருந்தனர். தானாகப் படிக்கத் தெரிந்தவருக்கு இணையப் பாடநெறி கைகொடுத்தது. கைபிடித்துக் கூட்டிச்செல்ல ஆள் தேவைப்பட்டவரை அது நடுவழியில் விட்டுவிட்டது.

வகுப்பறையில் நடப்பதெல்லாம் நல்ல கற்பித்தல் என்றும் எண்ணிவிடலாகாது. விஞ்ஞான, கணிதப் பாடங்கள் தொடர்பான 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், விரிவுரையை மட்டும் கேட்ட பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழ 34 சதவீதத்தினர் தவறினர். வகுப்பிலேயே கணக்குச் செய்தும் கலந்துரையாடியும் கற்றவர்களில் தவறியோர் 22 சதவீதத்தினரே. நாற்பது நிமிடமும் குறிப்புச் சொல்லி எழுதவைக்கும் பாடவேளைக்கும் ஒரு காணொளிக்கும் பெரிய வேறுபாடில்லை. காணொளியையாவது நிறுத்தி மறுபடி கேட்கலாம்.

எம் மாணவியர் கவனிக்க வேண்டிய இன்னொன்று கலைச்சொல். இணையத்தில் கிடைக்கும் தமிழ்க் காணொளிகளில் பல தமிழ்நாட்டில் தயாரானவை, சில மிகவும் தரமானவையுங்கூட. ஆனால் அங்கே ‘வேகம்’ என்றால் நாம் ‘கதி’ என்று படிப்பது. நாம் ‘வேகம்’ என்பதை அவர்கள் ‘திசைவேகம்’ என்பர். எமது ‘ஆர்முடுகல்’ அங்கே ‘முடுக்கம்’. சொல் முற்றிலும் புதிதாயிருந்தால் பிள்ளை தேடிப்பார்ப்பாள். ஒரே சொல் இரு பொருளில் வரும்போதுதான் ஆபத்து. அவள் சந்தேகப்படவே மாட்டாள். பரீட்சைத் தாளில் கதியையும் வேகத்தையும் மாற்றி எழுதிவிட்டு வருவாள். வகுப்பிலிருக்கும் ஆசிரியை இதனை ஒரே வாக்கியத்தில் திருத்திவிடுவார்.

செய்முறையும் அப்படித்தான். அமில மூல நியமிப்பைத் திரையில் எத்தனை முறை பார்த்தாலும், அளவியின் திருகைத் துளித்துளியாகத் திறக்கும் பக்குவம் விரல்களுக்கு வராது. பினோத்தலீன் இலேசாகச் சிவக்கும் அந்தத் துளியில் நிறுத்தத் தெரியவேண்டும். கண்ணைத் திரவமட்டத்துக்கு நேரே வைக்காமல் வாசிப்பு எடுத்தால், பக்கத்தில் நிற்பவருக்குத்தான் அது தெரியும்.

2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது எமக்கு வேறு வழியிருக்கவில்லை. அக்காலத்தில் பிபிலைப் பக்கத்துப் பிள்ளைகள் சமிக்ஞை தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறியிருந்து படித்தனர். ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாவித்த வீடுகளும் உண்டு. அந்த நெருக்கடியை வைத்து மட்டும் இணையவழிக் கல்வியை அளப்பதும் நியாயமன்று.

ஆகவே பணம் கட்டுமுன் பெற்றோர் விளம்பரத்திலுள்ள ‘ஏ’ சித்திகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதிலும், பிள்ளை எழுதிய விடையை யார் வாசிக்கிறார் என்று கேட்பது பயனுள்ளது. எத்தனை நாளில் திருத்தித் தருவார்கள்? பிழையான இடத்தில் வெறும் புள்ளடிதானா, விளக்கமும் இருக்குமா? நேரடி வகுப்புக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம். ஐந்நூறு பேர் அமரும் மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்து நடத்தும் ரியூஷன் வகுப்புகளிற் பல இதற்குப் பதில் சொல்லத் திணறும்.