லாரிப் புழுதியும் வறட்டு இருமலும்

கேள்வி: அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக வறட்டு இருமல். தூசிதான் காரணமா? மூக்கில் துண்டு கட்டினால் போதுமா?

பதில்: தூசியாக இருக்கலாம். ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் காசநோய்ப் பரிசோதனை. ஆறு மாதம் தள்ளிப்போட்டதே அதிகம்.

கண்ணுக்குத் தெரிகிற புழுதி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் காற்றுப்பை வரை போய், இதயத்தையும் பதம் பார்க்கும். டீசல் புகையில் அது தாராளம். ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இந்தியா அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15! பெரம்பலூர்ப் பக்கத்து கிரஷர் தொழிலாளர்களுக்கு ஆபத்து வேறு. கல்லிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும். அந்த சிலிகோசிஸ் வந்தால் குணமாகாது, காசநோயும் எளிதில் பற்றும்.

துண்டு புழுதியைத்தான் ஓரளவு தடுக்கும். என்-95 முகக்கவசம் இடைவெளியில்லாமல் பொருந்தினால் பலன் உண்டு. தாடி இருந்தால் பொருந்தாது. கடை வாசலைத் தண்ணீர் தெளித்த பிறகே பெருக்குங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். தார்ப்பாய் மூடாமல் பறக்கும் லாரிகளின் எண்ணைக் குறித்துவைத்து, கலெக்டர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.