மலைகளுக்கு நடுவே ஓர் ஊர்

நுழையும்முன்

சுற்றுலா என்றதும் பெயர்பெற்ற அருவிகளும் கோயில்களுமே நினைவுக்கு வருகின்றன. சிற்றூர் ஒன்றில் சில நாள் தங்கி, அதைச் சூழ்ந்துள்ள மலையையும் ஆற்றையும் மக்களின் தொழிலையும் காண்பதும் பயணமே. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலிருந்து அத்தகைய பயணத்தைத் தொடங்குகிறது இப்பாடம்.

பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்ப்படும் கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. அந்நூல்கள் வள்ளலின் ஊரை மட்டும் சொல்லி நின்றுவிடுவதில்லை. செல்லும் வழி, இடையிலுள்ள ஊர்கள், அங்கு வாழ்வோர் செய்யும் தொழில், அவர்கள் விருந்தினருக்குப் படைக்கும் உணவு என யாவற்றையும் விரித்துரைக்கின்றன. இன்றைய பயணக் கையேடுகளிலோ இடையில் வாழும் மக்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. தம்மம்பட்டி அவ்வாறு இடையில் விடுபடும் ஊர்களுள் ஒன்று.

ஆத்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் இப்பேரூர் அமைந்துள்ளது. ஒருபுறம் கொல்லிமலை; மறுபுறம் பச்சைமலை. கொல்லிமலையில் தோன்றும் சுவேத நதி இவ்வூர் வழியே கிழக்கு நோக்கிச் செல்கிறது.

உளியின் ஊர்

தம்மம்பட்டியில் தங்குவோர் முதலில் காண வேண்டியது இங்குள்ள சிற்பக்கூடங்களையே. தெய்வ உருவங்கள், கோயில் கதவுகள், திருவிழா வாகனங்கள் ஆகியவை இங்கு மரத்தில் உருப்பெறுகின்றன. தம்மம்பட்டி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

சிற்பத்திற்குப் பயன்படும் மரங்களுள் வாகை குறிப்பிடத்தக்கது. போரில் வென்றோர் சூடிய பூவால் இலக்கியத்தில் நாம் அறிந்த அதே வாகைதான். வெட்டிய மரத்தில் உடனே உளி படுவதில்லை. ஈரம் வற்றாத மரம் பின்னாளில் வெடித்துவிடும். ஆகவே முதலில் அதை உலரவிடுகின்றனர். பின்னர் உருவத்தை வரைந்துகொண்டு, பெரிய உளியால் வேண்டாத பகுதியைக் கழிக்கின்றனர். உளிகள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே வரும்; கண்ணும் விரலும் அணிகலனும் நுண்ணிய உளிக்கு உரியவை. அளவிற்குச் சிற்ப நூல் மரபே வழிகாட்டி. 12 அங்குலம் கொண்டது ஒரு தாலம். இவ்வங்குலம் அடிக்கோலில் உள்ள அங்குலம் அன்று. சிலையின் உயரத்திற்கேற்ப வகுத்துக்கொள்ளப்படும் அளவு. அதனால்தான் கையளவுச் சிலையிலும் ஆளுயரச் சிலையிலும் முகத்திற்கும் உடலுக்கும் உள்ள இசைவு மாறுவதில்லை.

இங்குச் செதுக்கப்படும் வாகனம் வேறோர் ஊரின் திருவிழாவில் உலா வரும். அதைத் தோளில் சுமப்போர் செய்தவர் பெயரை அறியார்.

ஓரியின் மலை

தம்மம்பட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கொல்லிமலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துச் சென்று புற்றிலிருந்த உடும்பில் தைத்ததை வன்பரணர் பாடியுள்ளார் (புறநானூறு 152). அம்பின் விரைவைவிட, அடுத்து நிகழ்வதே அப்பாடலின் சிறப்பு. தன் புகழைக் கேட்டு அவன் நாணுகிறான். வேட்டையாடிய இறைச்சியையும் தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் காட்டிலேயே பாணர்க்கு வழங்குகிறான்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறலாம். அறப்பளீசுவரர் கோயிலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிக் காணவேண்டிய ஆகாயகங்கை அருவியும் பலரும் அறிந்தவை. அம்பலவாணக் கவிராயரின் ‘அறப்பளீசுர சதகம்’ இக்கோயில் இறைவனை முன்னிறுத்திப் பாடப்பட்டதாகும். ஆடி 17, 18 ஆகிய நாள்களில் மலையில் ஓரி விழா நடைபெறும்.

கிழங்கும் தினையும்

மலையிலும் சமவெளியிலும் பயணியின் கண்ணில் திரும்பத் திரும்பப் படுவது மரவள்ளித் தோட்டம். இவ்வட்டாரத்தார் அதைக் குச்சிக்கிழங்கு என்பர். இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டது. அதற்கு மாற்றாக 1943ஆம் ஆண்டளவில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முயற்சி தொடங்கியது. கிழங்கைத் தோல் நீக்கி அரைத்துப் பாலைத் தெளியவைத்து, அடியில் தங்கும் மாவைக் குலுக்கி மணிகளாக்கி, வறுத்து வெயிலில் உலர்த்துவது அத்தொழில். எஞ்சும் திப்பி கால்நடைத் தீவனமாகிறது. 1981இல் ஆலையாளர்களுக்கெனச் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது.

ஆலைகள் பெருகப் பெருகக் கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் மரவள்ளிக்கு மாறின. மலைமக்களைக் குறைகூறுவதில் பொருளில்லை. கிழங்கு கையில் பணம் தந்தது. சாமையோ உரலில் குற்றிக் குற்றிப் பெண்களின் பொழுதையெல்லாம் விழுங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதனை உணர்ந்து, விதைகளைக் காப்பதோடு நில்லாமல், சிறுதானியத்தை உமிநீக்கும் இயந்திரங்களையும் மலையூர்களில் அறிமுகப்படுத்தியது. உலக்கைப் பணி குறையாமல் தினை மீளாது என்பதை அம்முயற்சி கண்டுகொண்டது.

ஆற்றின் போக்கில்

இனி, சுவேத நதி செல்லும் திசையில் கிழக்கே போகலாம். அது வீரகனூரைக் கடந்து, ஆத்தூர்க் கோட்டையை ஒட்டி வரும் வசிட்ட நதியோடு கூடி, வெள்ளாறு என்னும் பெயருடன் வங்கக்கடலை அடைகிறது. வசிட்ட நதிக்கரையில் உள்ள ஆறகழூர், மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகரம். ஆறு அகழிகள் கொண்ட ஊர் என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். அங்குள்ள காமநாதீசுவரர் கோயிலில் அவர்கள் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அருகிலுள்ள தியாகனூரில் புத்தர் பெருஞ்சிலையாகத் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். சமவெளியின் இம்மூலையிலும் பௌத்தம் வாழ்ந்ததற்கு அது சான்று. காலையில் தம்மம்பட்டியிலிருந்து புறப்பட்டால் இவ்விரண்டு ஊர்களையும் கண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.