அடைத்தால் வெடிக்கும்: காற்று சொல்லும் பாடம்



போன மாதம் வெம்பக்கோட்டை பக்கம் நடந்த குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "ஏம் மேடம், சிந்துன மருந்துல தீப்பட்டா புஸ்ஸுன்னு எரிஞ்சு போயிருது. அதையே குழாயில அடைச்சா ஏன் வெடிக்குது?" நல்ல கேள்வி. இந்த மாதப் பாடம் அதுதான்.

செய்து பார்ப்போம்

ஊசி இல்லாத புது சிரிஞ்சில் 10 மில்லி அளவுக்குக் காற்றை இழுங்கள். நுனியை விரலால் இறுக்கி அடைத்து, மெதுவாக அமுக்குங்கள். அமுக்க அமுக்கக் காற்று எதிர்த்துத் தள்ளும். கையை விட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

சூடு மாறாமல் இருந்தால், இடம் பாதியாகும்போது அழுத்தம் இரண்டு மடங்காகும். இடம் மூன்றில் ஒரு பங்கானால் அழுத்தம் மூன்று மடங்கு. 1662-ல் இதை வெளியிட்டவர் ராபர்ட் பாயில். அதனால் இதற்குப் பாயில் விதி என்று பெயர்.

வெடிக்குள் நடப்பது

மருந்து எரியும்போது நொடியில் ஏராளமான வாயு உண்டாகிறது, கடுமையான சூடும் சேர்கிறது. திறந்த இடத்தில் அது பரவிப் போய்விடும். குழாய்க்குள்ளே வாயு கூடுது, சூடு கூடுது, இடம் மட்டும் கூடல! அழுத்தம் ஏறி, குழாய் கிழிந்து வெடிக்கிறது. வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரிதான்.

வீடும் ஒரு குழாய்தான்

"வீட்டுலயே மருந்து அடைச்சா பிள்ளையையும் பாத்துக்கலாம், நாலு காசும் வரும்" என்று சொல்பவர்கள் உண்டு. கஷ்டம் புரிகிறது. ஆனால் கதவைச் சாத்திய வீட்டில் தீப்பிடித்தால் வாயுவுக்குப் போக வழியில்லை, சுவரைத்தான் தள்ளும். மருந்து குவியலாக இருந்தால் அடைக்காமலே வெடிக்கும். உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்வது சட்டப்படி குற்றமும்கூட.

5.9.2012 அன்று முதலிப்பட்டி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடியவர்கள். தீ என்றால் கிட்டே போகாதீர்கள். தூரமாக விலகி 101, 108-க்குச் சொல்லுங்கள்.

குழுவில் பேசுங்கள்

1. நம் தெருவில் வீட்டுக்குள் மருந்து வருகிறதா?
2. மருந்தில்லாத வேலைக்கு மாற, குழுக் கடன் யாருக்கு முதலில் தரலாம்?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கூலி நாளைக்கும் கிடைக்கும், உயிர் கிடைக்காது.